அப்பாவை ஏற்றாத பட்டியல்: மிஷனெரி விமானக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

எண்பது பக்க நோட்டு ஒன்று கையில் கிடைத்த பிறகுதான் இந்த விஷயத்தின் முடிச்சு எங்களுக்குப் பிடிபட்டது. கோடு போட்ட சாதாரணப் பள்ளி நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் மேலே தேதி, கீழே வரிசையாகப் பெயர், பெயருக்கு நேரே எடை. 'ஆயா 51. அம்மா 58. தம்பி 18. பிலம் 3. தண்ணிக்குடம் 14.' பிலம் என்றது அவள் தோளில் மாட்டும் நூல் பை. அடிக்கோடு போட்டுக் கூட்டல். எழுதியது பதினோரு வயதுப் பெண். பாப்புவா நியூகினியிலிருந்து விடுப்பில் காட்பாடிக்கு வந்த வாரத்திலிருந்தே தினமும் காலையில் வீட்டில் இருப்பவர்களை எடை மிஷின்மேல் ஏற்றி நிறுத்தி இப்படி எழுதிக்கொண்டிருந்தாள். ஆயாவுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "தெனமும் எட போட்டா உடம்பு தேஞ்சி பூடும்மா, கண்ணு படும்" என்று சொல்லிப் பார்த்தார். பிறகு பேத்தி மனம் கோணக்கூடாதென்று தானே போய் ஏறி நின்றார்.

நான் முப்பது வருடம் செவிலியராக இருந்தவள். ஓய்வுக்குப் பின் ஆலோசனைப் பயிற்சி எடுத்து, எங்கள் சபையின் மிஷனெரி ஆதரவுக் குழுவில் இருக்கிறேன். இந்தக் குடும்பத்தை அனுப்பியதும் அதே குழுதான். அவர்கள் சம்மதத்தோடும், அவர்கள் ஒருமுறை வாசித்துத் திருத்தித் தந்த பிறகும் இதை எழுதுகிறேன். குடும்பம், சபை, விமான ஊழிய அமைப்பு எதற்கும் பெயர் இல்லை. சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். நடந்ததை மாற்றவில்லை.

குடும்பம்

அப்பா விமானப் பராமரிப்புப் பொறியாளர். சென்னையில் படித்து, மீனம்பாக்கத்தில் ஒரு ஹேங்கரில் எட்டு வருடம் வேலை பார்த்தவர். அம்மா செவிலியர், வேலூரிலேயே படித்தவர். அப்பாவின் அப்பா ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் உழைத்து, பையன் படிப்பு முடிவதற்குள் காலமானார். ஆயா தனியாள். ஒரே மகன், ஒரு மகள். மகளைக் குடியாத்தத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. பெரியவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது மூவரும் கிளம்பினார்கள். சின்னவன் போன பிறகு பிறந்தவன்.

அங்கே அப்பா செய்யும் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் சபையிலேயே பலருக்கு அது புரிந்திருக்கவில்லை. பாப்புவா நியூகினியின் தலைநகரான போர்ட் மோரஸ்பியிலிருந்து மலைநாட்டுக்குச் சாலை கிடையாது. எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள். மலை முகடுகளுக்கு நடுவே ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஓர் ஊர். அந்த ஊர்களுக்குப் புல் ஓடுதளம்தான் வாசல். பல ஓடுதளங்கள் மலைச்சரிவில் வெட்டியவை. ஏற்றத்தைப் பார்த்து இறங்க வேண்டும், இறக்கத்தைப் பார்த்து ஏற வேண்டும். முனையில் மலை நிற்பதால், இறங்க வந்த விமானம் ஒரு புள்ளியைத் தாண்டிவிட்டால் மறுபடி மேலே எழும்ப வழியில்லை. உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். இறக்கைக்குத் தூக்கும் பலம் குறையும், எஞ்சினுக்கும் மூச்சு குறையும். அதனால் ஒற்றை எஞ்சின் செஸ்னா கேரவனில் ஏறும் ஒவ்வொருவரையும் எடை பார்ப்பார்கள். மூட்டையை மட்டுமல்ல, ஆளையும். கர்ப்பிணி, கிழவர், குழந்தை எல்லோரும் மிஷின்மேல் ஏறி இறங்கித்தான் விமானத்தில் உட்கார முடியும். முடிந்தவரை காலையில்தான் பறப்பார்கள். மதியத்துக்குமேல் மேகம் பள்ளத்தாக்கை அடைத்துவிடும்.

இந்தப் பெண் வளர்ந்தது அந்த எடை மிஷினுக்குப் பக்கத்தில். அவளுக்கு எடை போடுவது கண்ணேறு அல்ல, பத்திரமாகப் போய்ச்சேர்வதற்கான முதல் காரியம். ஆயாவுக்கு இதை நான் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ என்ன காப்பாத்தத்தான் ஏத்தி நிறுத்திக்கினு இருந்தாளா?" என்றார்.

அந்த விமானங்கள் சுமப்பதில் பாதி நோயாளிகள்தான் என்று அப்பா சொல்வார், குறிப்பாகப் பிரசவம் நின்றுபோன பெண்கள். வேலூர்க்காரர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டுக் கணவர்கள் வந்து கூப்பிட்டும், பெண் மருத்துவர் இல்லாததால் மூன்று தாய்மாரும் பிரசவத்தில் இறந்துபோன கதையைக் கேட்டுத்தானே நாங்கள் வளர்ந்தோம். அந்த இரவைப் பார்த்த மிஷனெரி மகள் ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்துத் திரும்பி வந்து 1900-இல் ஒரு கட்டில் போட்டுத் தொடங்கியதுதான் இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரி. 1909-இல் ஒரு பெஜோ கார் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு சாலையோரம் மரத்தடியில் வைத்தியம் பார்க்கக் கிளம்பினார். நடந்து போக முடியாத இடத்துக்குக் கார் போனது. கார் போக முடியாத இடத்துக்கு இப்போது விமானம் போகிறது. அனுப்புதல் ஆராதனையில் இதைத்தான் பிரசங்கத்தில் சொன்னார்கள். நானும் கண்ணீரோடு ஆமென் சொன்னேன். அன்று அந்த மேடையில் ஐந்து வயதுப் பெண்ணும் ஆயாவும்கூட நின்றார்கள். அவர்களிடம் எங்களில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

விடுப்பில்

ஏப்ரல் கடைசியில் வந்தார்கள். மலைநாட்டுக் குளிரில் இருந்த பிள்ளைகளுக்கு வேலூர்க் கத்திரி வெயில். முதல் இரண்டு வாரம் எல்லாவற்றுக்கும் வெயில்மேல் பழி போட்டோம். பெரியவளுக்குக் காலையில் எழுந்தவுடன் வயிற்றுவலி. சாப்பாடு இறங்கவில்லை. அந்த நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் மலேரியா பார்ப்பார்கள், பார்த்தார்கள், இல்லை. பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம், ஸ்கேன் எல்லாம் நார்மல். ஜூனில் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தார்கள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத வராது. இங்கிலீஷ் வேறு ஊர்ச் சாயலில் வரும். "பீட்டர் விடுறா பாரு" என்று பிள்ளைகள் சொல்ல, மூன்றாம் வாரம் பள்ளிக்குப் போகமாட்டேன் என்றாள்.

இதற்கு நடுவில் ஞாயிறுதோறும் ஒரு சபை. விடுப்பு என்றால் ஓய்வு என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் ஆதரவு தரும் சபைகளுக்குப் போய்ச் சாட்சி சொல்லி, படம் காட்டி, அடுத்த மூன்று வருடத்துக்குப் பங்காளர்களைச் சேர்க்கிற காலம் அது. ஆம்பூர், ஆற்காடு, திருவண்ணாமலை என்று அலைந்தார்கள். பிள்ளைகளை மேடையில் ஏற்றி, அந்த நாட்டுப் பொதுமொழியான டோக் பிசினில் ஒரு பாட்டுப் பாடவைப்பார்கள். ஓர் ஊரில் பாட்டு முடிந்ததும் பெரியவர் ஒருவர் மைக்கிலேயே கேட்டிருக்கிறார்: "அங்க மனுஷனத் தின்னுவாங்களாமே பாப்பா, உனக்குப் பயமா இல்லையா?" சபையே சிரித்தது. இவள் தோளில் மாட்டியிருந்த பிலத்தை, அதாவது அந்த ஊர்ப் பெண்கள் நூல் முடைந்து செய்யும் பையை, இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அது அவளுடைய சிநேகிதியின் அம்மா கையால் பின்னித் தந்தது. அதற்குப்பின் எந்த மேடையிலும் ஏறவில்லை.

வீட்டில் அக்காவும் தம்பியும் கட்டிலுக்கடியில் உட்கார்ந்து டோக் பிசினில் பேசிக்கொள்வார்கள். ஆயாவுக்கு ஒரு வார்த்தை புரியாது. அந்த நாட்டில் புதிதாகப் பார்க்கும் யாரும் முதலில் கேட்பது 'அஸ்ப்ளெஸ்' எது என்பதுதான். பூர்வீக ஊர், வேர் இருக்கிற மண். "வேலூர்" என்று ஆறு வருடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். வந்து பார்த்தால் வேலூர் அவளை வெளியூர்க்காரி என்கிறது. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு 'மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்' என்று பெயர் வைத்த ஜான் யூசீம், ரூத் யூசீம் தம்பதியர் 1950-களில் ஆராய்ந்தது இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களைத்தான். அப்போது நம் ஊர் அந்தப் பிள்ளைகளுக்கு அந்நிய நாடாக இருந்தது. நம் பிள்ளைகளே அப்படி ஆகும் காலம் வந்தபோது எங்களிடம் அதற்கு ஒரு சொல்கூட இல்லை.

நானும் இதோடு நிறுத்திக்கொண்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். மண் மாறிய வருத்தம், பள்ளி ஒட்டவில்லை, போகப்போகச் சரியாகும் என்று எழுதிவைத்தேன். ஒன்று மட்டும் இடித்தது. அப்பா மாலை நான்கு மணிக்குமேல் வண்டியை எடுத்தால் இவளுக்கு மூச்சு வாங்கியது. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வேலூருக்குப் போய்வர அரை மணிதான். அதற்குள் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருப்பாள். காலை பத்து மணிக்கு அவர் சென்னைக்கே போனாலும் ஒன்றுமில்லை. நாலு மணி என்ன கணக்கு என்று யாருக்கும் புரியவில்லை.

நோட்டு

ஜூலை முதல் வாரத்தில் ஒரு நாள் அவளே நோட்டைக் காட்டினாள். அதற்குமுன் நாலைந்து முறை போய் உட்கார்ந்து, கேள்வி எதுவும் கேட்காமல், அவளோடு முள்ளுக்கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டும் தம்பியோடு தாயம் ஆடிக்கொண்டும் இருந்திருந்தேன். அன்று என்னையும் மிஷின்மேல் ஏற்றினாள். "அத்தை 64" என்று எழுதினாள். நான் புரட்டிப் பார்த்தேன். அறுபது நாளுக்குமேல் பட்டியல். அம்மா, ஆயா, தம்பி, குடியாத்தத்து அத்தை வந்த அன்று அத்தை, பால்காரர்கூட ஒரு நாள். அப்பா எந்தப் பக்கத்திலும் இல்லை.

"அப்பா எங்க கண்ணு?"

"அப்பா கிரவுண்ட்ல இருக்கட்டும்" என்றாள்.

வேறெதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று இரவு அம்மாவிடம் இதைச் சொன்னதும் அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அக்டோபர் மாலை

முந்தைய அக்டோபரில் நடந்தது. மலைமேல் ஓர் ஓடுதளத்தில் இறங்கிய விமானத்தின் முன்சக்கர டயர் கிழிந்து அங்கேயே நின்றுவிட்டது. அப்பா டயர், ஜாக்கி, கருவிப்பெட்டியோடு இன்னொரு விமானத்தில் போனார். வேலை இழுத்துவிட்டது. போன விமானத்திலேயே 3.40-க்குத் திரும்பக் கிளம்பினார்கள். 4.15-க்கு வீடிருக்கும் தளத்தில் இறங்கியிருக்க வேண்டும். வழியில் பள்ளத்தாக்கை மேகம் மூடிவிட்டது. பைலட் சரியானதைத்தான் செய்தார்: முட்டிப் பார்க்காமல் திரும்பி, திறந்திருந்த இன்னொரு சின்ன ஓடுதளத்தில் இறங்கினார். இறங்கியபின் ரேடியோவில் சொல்ல முடியவில்லை. அந்த அலை நேர்க்கோட்டில்தான் போகும், நடுவில் மலை நின்றால் சேராது. இடம் காட்டும் செயற்கைக்கோள் கருவியும் அன்று பழுதுக்காகக் கழற்றப்பட்டிருந்தது. போன் சிக்னல் இல்லாத ஊர்.

உலகம் முழுக்க விமானப் போக்குவரத்தில் ஒரு கணக்கு உண்டு. வரவேண்டிய நேரத்தில் தகவல் வராமல் 30 நிமிடம் தாண்டினால் 'நிச்சயமற்ற நிலை' என்று அறிவிப்பார்கள். அடுத்தது எச்சரிக்கை நிலை, அதற்கடுத்தது ஆபத்து நிலை. 4.45-க்கு முதல் நிலை அறிவித்தார்கள். ஊழியக் குடும்பங்கள் வாழும் அந்த வளாகத்தில் ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் ஒரு கைரேடியோ இருக்கும். மனைவிமார் கேட்டுக்கொண்டேதான் சமைப்பார்கள். தளத்திலிருந்து அந்த விமானத்தின் குறிப்பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. சமையல் மேடைக்கடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பெண் எல்லாவற்றையும் கேட்டாள். ஐந்து மணிக்கு அம்மா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

விமான ஊழியத்தின் கதையில் இந்தக் காத்திருப்பு முதலிலிருந்தே இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் பறந்தவர்கள் சேர்ந்து 1945-இல் தொடங்கியது மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப். மறுவருடம் அதன் முதல் பயணத்தை ஓட்டியது ஒரு பெண், பெட்டி கிரீன். 1956 ஜனவரி 8-ஆம் தேதி எக்குவடோர் காட்டில் ஓர் ஆற்று மணல்திட்டிலிருந்து பைலட் நேட் செயின்ட் தன் மனைவியிடம் ரேடியோவில் மதியம் பேசினார். மாலை 4.30-க்கு மறுபடி பேசுவதாகச் சொன்னார். மனைவி மார்ஜ் ரேடியோவுக்குப் பக்கத்திலேயே இருந்தார். குரல் வரவில்லை. நேட்டும் கூட இருந்த நால்வரும் ஈட்டியால் கொல்லப்பட்டிருந்தார்கள். எங்கள் ஞாயிறு பள்ளியில் அந்த ஐவரைப் பற்றி ஆண்டுதோறும் சொல்கிறோம். ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பற்றி ஒருமுறைகூட நான் பாடம் எடுத்ததில்லை. வளாகத்தில் வாழும் அம்மாக்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். இந்தப் பெண்ணின் அம்மாவுக்கும் தெரியும். அன்று காத்திருந்த நேரம் முழுக்கத் தன் மனதில் ஓடியது அந்தக் கதைதான் என்றார்.

5.50-க்கு ஒரு சுகாதார நிலையத்து ரேடியோ வழியாகச் செய்தி வந்தது. இருவரும் நலம், இருட்டிவிடும், இரவு அங்கேயே தங்கிக் காலையில் வருவார்கள். அம்மா ரேடியோவை அணைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதார். முகம் கழுவிக்கொண்டு வந்து பிள்ளைகளிடம், "அப்பா நாளைக்கு வருவாரு, சாப்ட்டுத் தூங்குங்க" என்றார்.

மறுநாள் 7.10-க்கு அப்பா வந்துவிட்டார். மதியமே ஹேங்கருக்கும் போய்விட்டார். ஆதரவாளர்களுக்கு எழுதும் அந்த மாதத்து ஜெபக்கடிதத்தில் ஒரே வரி: 'மோசமான வானிலையிலும் கர்த்தர் தமது செட்டைகளின்கீழ் காத்துக்கொண்டார்.' நான்தான் அதைச் சபையில் வாசித்தேன். வாசித்துவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போனேன்.

திண்ணையில்

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் திண்ணையில் உட்காரவைத்தோம். அப்பா பெண்ணின் நோட்டிலேயே மலை, மேகம், இரண்டு ஓடுதளம் வரைந்து, அன்று நடந்ததை நேரம் நேரமாகச் சொன்னார். டயர் மாற்றக் கை நடுங்கியதையும், மேகத்துக்குள் மலை எந்தப் பக்கம் என்று தெரியாத அந்த நொடியில் தான் பயந்ததையும் சொன்னார். பிள்ளைகள் முன்னால் அவர் பயந்தேன் என்று சொன்னது அதுதான் முதல்முறை. பெண் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அம்மாவுக்கு எத்தன மணிக்குத் தெரியும்?"

"5.50 இருக்கும்மா."

"எனக்கு எப்போ சொன்னீங்க?"

அம்மா, "உடனே சொன்னேனே, நாளைக்கு வருவார்னு" என்றார்.

"அவங்க வீட்லயும் நாளைக்குன்னுதான் சொன்னாங்க."

அவங்க என்றது பக்கத்து வீட்டுக் குடும்பம். அதற்கு மூன்று மாதம் முன்பு அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். நாளைக்கு வந்துவிடுவார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லப்பட்டது. வரவில்லை. பத்து நாளில் குடும்பமே சொந்த நாட்டுக்குப் போய்விட்டது. இவளுடைய உயிர்ச்சிநேகிதி சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டாள். அதிலிருந்து 'நாளைக்கு' என்றால் பெரியவர்களுக்குத் தெரிந்ததை மறைக்கும் சொல் என்று இந்தக் குழந்தை முடிவுகட்டியிருந்தாள். ஒரு வீட்டில் ஒருவர் இல்லாமல் போனால் மற்றவர்கள் உடனே ஊரைக் காலிசெய்ய வேண்டும் என்றும்.

அந்த அக்டோபர் இரவு அவள் தூங்கவில்லை. தம்பியின் துணி, அவன் தலையணை, தன் பென்சில் டப்பா எல்லாவற்றையும் பிலத்தில் அடுக்கிவைத்து, அதைக் கையால் தூக்கித் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். காலையில் அம்மா அந்தப் பையைப் பார்த்தார். விளையாட்டென்று நினைத்து எடுத்துக் காலிசெய்து அலமாரியில் வைத்தார்.

இதைக் கேட்டு அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அம்மா மகளைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு பயமா இருந்துச்சு, அத உங்கிட்ட காட்டக் கூடாதுன்னு நெனச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பெண் அழவில்லை. "நீ பாத்ரூம்ல அழுத, எனக்குக் கேட்டுச்சு" என்றாள்.

நான் ஆயாவைக் கவனிக்க மறந்திருந்தேன். அவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இந்தக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது.

"எங்கிட்ட எல்லாம் நல்லா கீது, நல்லா கீதுன்னே சொல்லிக்கினு இருந்தியா நைனா?" என்று மகனைப் பார்த்துக் கேட்டார்.

அவர் பதில் சொல்லவில்லை. ஆயா கொஞ்ச நேரம் கழித்து இடது கை முழங்கைச் சேலையை ஒதுக்கி மணிக்கட்டை நீட்டினார். கோணலாகக் கூடியிருந்தது. இரண்டு வருடம் முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்து உடைந்தது. மகள் குடியாத்தத்திலிருந்து ஓடிவந்து கட்டுப்போடவைத்தாள். அண்ணனுக்குச் சொல்லக்கூடாது என்று ஆயா மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். வீடியோ காலில் ஒன்றரை மாதம் வலது கையை மட்டும் காட்டிப் பேசியிருக்கிறார். சர்க்கரை ஏறிய மாதங்களும் அப்படித்தான். "சொன்னா வேலய உட்டுட்டு வந்துடுவான். கர்த்தரோட வேலயாச்சே, நான் கெடுக்கலாமா?"

இருபுறமும் அன்பினால்தான் மறைத்தார்கள். வருடக்கணக்காக நலம், நலமறிய ஆவல் என்று எழுதிக்கொண்டே ஒருவர் வலியை ஒருவர் அறியாமல் இருந்தார்கள். இதைத்தான் இந்த ஆய்வில் முக்கியமானதாக நினைக்கிறேன். குழந்தையின் வயிற்றுவலி அந்த வீட்டில் பொய் சொல்லத் தெரியாத ஒரே உறுப்பு.

குழுவில்

அம்மாவும் அப்பாவும் புதிய ஜெபக்கடிதம் எழுதினார்கள். அக்டோபர் மாலை, பெண்ணின் பயம், ஆயாவின் கை எல்லாம் அதில் இருந்தது. ஆயாவே தன் கையைப் பற்றி எழுதச் சொன்னார். குழுவில் எதிர்ப்பு வந்தது. "இதெல்லாம் எழுதுனா அடுத்து எந்த வாலிபன் போவான்? கொடுக்கிறவங்களும் கையச் சுருக்கிக்குவாங்க" என்றார் மூத்தவர் ஒருவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. முப்பது வருடமாக வீடு வீடாகப் பிடியரிசிக் காணிக்கை சேர்த்து மிஷனெரிகளைத் தாங்கியவர்.

நான் அன்று பேசியது வேலூரைப் பற்றி. ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர், பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்பியபோது சிகாகோவில் உறவினர் வீட்டில் விடப்பட்ட பதின்ம வயதுப் பெண். அம்மா புறப்பட்ட இரவு அம்மாவின் தலையணையில் முகம் புதைத்து அழுதவர். மிஷனெரி ஆகவே மாட்டேன் என்றிருந்தவர். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்த இங்கே அறுவை சிகிச்சை கண்ட டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். படிப்புக்காக ஒன்பது வயதில் இங்கிலாந்தில் விடப்பட்டார். 1929-இல் அப்பா மலையில் காய்ச்சலில் இறந்தார். தந்தியில் சாவுச் செய்தி வந்துசேர்ந்த பிறகும், அப்பா உயிரோடிருக்கையில் எழுதிய கடிதம் கப்பலில் வந்து அந்தப் பிள்ளையின் கைக்குக் கிடைத்தது. நம் ஊரைக் குணமாக்கிய இருவரும் விட்டுச்செல்லப்பட்ட பிள்ளைகள். ஒன்றரை நூற்றாண்டாக நாம் வாங்கிக்கொண்ட பக்கத்தில் இருந்தோம், அந்தப் பிள்ளைகள் அழுத வீடு கடலுக்கு அப்பால் இருந்தது, நமக்குக் கேட்கவில்லை. இப்போது அந்த வீடு காட்பாடியில் இருக்கிறது. கேட்காததுபோல் இருக்கலாமா?

கடிதம் ஒரு வரியும் வெட்டாமல் போனது. இரண்டு பங்காளர்கள் விலகினார்கள். ஏன் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆரணிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு விதவைத் தாய் ஆயாவுக்குப் போன் செய்து ஒரு மணி நேரம் பேசினார். அவருடைய மகனும் வடக்கே எங்கோ மிஷனெரியாக இருக்கிறாராம்.

போனவர்களும் இருந்தவரும்

திரும்பிப் போவதா என்பதை அவசரப்படாமல் விட்டோம். ஆகஸ்டில் அப்பா மட்டும் போனார். அந்த நான்கு மாதமும் பெண்ணுக்கு எளிதாக இருக்கவில்லை. வயிற்றுவலி இரண்டுமுறை திரும்பி வந்தது. ஆனால் வந்தபோது, "இன்னைக்கு அப்பா பறக்குறாரா?" என்று வாய்விட்டுக் கேட்டாள். கேட்டால் உள்ளதைச் சொல்வது என்று வீட்டில் பேசிவைத்திருந்தோம். தெரிந்தது தெரிந்தபடி, தெரியாதது தெரியவில்லை என்று. பள்ளியில் ஒரு ஆசிரியை தமிழ் எழுத்தைத் தனியாக உட்கார்ந்து சொல்லித்தந்தார். டிசம்பரில், அப்பாவிடம் திரும்பிப் போகலாம் என்று அவளே சொன்னாள். போவதற்குமுன் அப்பாவின் அமைப்புக்கு ஒரு கடிதம் எழுதினாள், இங்கிலீஷில், ஒரு பக்கம். விமானம் தாமதமானால் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஒருவர் நேரில் வந்து சொல்ல வேண்டும், ரேடியோ சத்தத்தைக் குறைக்கக் கூடாது, யாராவது ஊரைவிட்டுப் போனால் பிள்ளைகள் சொல்லிக்கொள்ள நேரம் தர வேண்டும். முதலாவதை அந்த வளாகத்தில் உடனே ஏற்றுக்கொண்டு, ஒரு குடும்பத்தை அதற்கென்று நியமித்தார்கள். மூன்றாவதைப் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது.

புறப்பட்ட அன்று எல்லோரையும் எடை பார்த்து எழுதினாள். ஆயா, "நான் வரலயே, என்ன ஏன் எழுதற?" என்றதற்கு, "நீங்க கிரவுண்ட் ஸ்டாஃப்" என்றாள்.

ஆயாவின் பக்கம் தீராதது நிறைய. குழுவில் ஆறு பெண்கள் முறைபோட்டுப் போகிறோம். சர்க்கரை அளவை ஞாயிறுதோறும் மகனுக்கு அப்படியே சொல்கிறார். முதல்முறை 240 என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் வருத்தப்பட்டார். ஒரே மகன் பக்கத்தில் இல்லாத வயோதிகத்தை முறைபோட்டு நிரப்ப முடியாது. அதை நான் அறிவேன், அவரும் அறிவார். அப்துல்லாபுரத்துப் பழைய விமானத்தளத்தைச் சரிசெய்து சர்வீஸ் விடப்போகிறார்கள் என்று யாரோ சொல்ல, மகன் அங்கேயே வந்து இறங்குவானா என்று என்னிடம் கேட்டார்.

அப்பா மலைக்குப் போகும் நாட்களில் வேலை முடிந்து வீடு சேர்ந்ததும் ஆயாவுக்கு ஒரு மிஸ்டுகால் கொடுப்பார். அங்கே மாலை ஆறு என்றால் இங்கே மதியம் ஒன்றரை. போன மாதம் ஒரு வியாழக்கிழமை 2.05-க்கு ஆயாவிடமிருந்து எனக்குப் போன்.

"சிஸ்டரம்மா, அர மணி தாண்டிப் போச்சி."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். போய்ச்சேரும்போது மணி 2.25. ஆயா திண்ணையில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டில் சோறு பிசைந்தபடி ஆறிக் கிடந்தது. 2.40-க்கு மணி அடித்தது. டவர் வேலை செய்யவில்லையாம். ஆயா போனை ஸ்பீக்கரில் போட்டு, "நான் பயந்துட்டேன் நைனா" என்றார். அந்தப் பக்கம் பேத்தியின் குரல், "நாங்களும்தான் ஆயா." பிறகு ஆயா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சோற்றைச் சூடாக்கி எனக்கும் கொஞ்சம் வைத்தார்.